ஊர்க் கோயிலின் கட்டட வரலாற்றை எழுதுவது எப்படி

நூற்றாண்டு விழா மலர், சேகர வரலாறு, பங்கின் வைர விழா ஏடு என்று ஏதேனும் ஒரு காரணத்தால், ஊரின் பழைய கிறிஸ்தவக் கோயிலைப் பற்றி எழுதும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் வந்து விழுகிறது. அந்தத் தலை பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையதாக இருக்கும். அவர் கையில் இருப்பவை முந்தைய மலர் ஒன்றும், வாசலருகே பதித்த கல் ஒன்றும்தான். முந்தைய மலரில் உள்ளதைச் சற்று விரித்து, பேராயரின் வாழ்த்துரையைச் சேர்த்து, பணிபுரிந்த குருமாரின் பட்டியலோடு முடித்துவிட்டால் மலர் அச்சுக்குப் போய்விடும். ஆனால் விழாவே எந்தக் கட்டடத்துக்காக எடுக்கப்படுகிறதோ, அதன் நீள அகலம்கூட அந்த மலரில் இருக்காது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்பகுதியிலுள்ள சில ஆலயங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கட்டடத்தையே முதல் ஆவணமாக வைத்து வரலாறு எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒரே ஓர் ஆண்டைத் தேட வேண்டாம்

'கோயில் கட்டிய ஆண்டு எது?' என்ற கேள்வியோடு தொடங்குவதுதான் வழக்கம். அந்தக் கேள்வியை முதலிலேயே உடைத்துக்கொள்வது நல்லது. இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1880-இல். இடையே 33 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1841 இறுதியில் அவ்வூருக்கு வந்து, தெருக்களை நேராக வகுத்து, கோயில் வேலையையும் தொடங்கிய ராபர்ட் கால்டுவெல், ஆலயம் முடிந்தபோது பேராயராகியிருந்தார். நடுவில் 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வந்து போனது. இந்த ஆலயத்தை '1847-இல் கட்டப்பட்டது' என்று எழுதினாலும் தவறு. '1880-இல் கட்டப்பட்டது' என்று எழுதினாலும் தவறு. 33 ஆண்டுகள் ஏன் பிடித்தன, பணம் எப்படி எப்படி வந்தது, பாதிச் சுவர் எழுந்து நின்ற காலத்தில் மக்கள் எங்கே ஆராதித்தார்கள் என்ற கேள்விகளில்தான் வரலாறு இருக்கிறது.

மெய்ஞ்ஞானபுரத்தின் கதை வேறு விதம். நெடுவிளை என்ற பழைய பெயரோடு இருந்த அந்த ஊரில், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் என்ற மிஷனரி 1840-களில் தூய பவுல் ஆலயத்தை எழுப்பினார். தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் பனைகளுக்கும் மேலே வெகுதூரத்திலிருந்தே தெரியும் அதன் கூம்புக் கோபுரம், ஏறத்தாழ 192 அடி உயரம், 1868-இல்தான் முடிவுற்றது. அதாவது இன்று அந்த ஆலயத்துக்கு அடையாளமாக இருப்பதே, அதில் ஒரு தலைமுறை வழிபட்ட பிறகு வந்து சேர்ந்த பகுதி. தாமஸ் 1870-இல் காலமானார். கோபுரத்தை முழுதாகப் பார்க்க அவருக்கு இரண்டு ஆண்டுகளே கிடைத்தன.

ஆகவே எழுதத் தொடங்குமுன் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, நிலம் கிடைத்தது, ஓலைக்கோயில், மண்சுவர்க் கோயில், அடிக்கல், முதல் ஆராதனை, பிரதிஷ்டை அல்லது அர்ச்சிப்பு, கோபுரம், மணி, கூரை மாற்றம், விரிவாக்கம் என்று வரிசையாக எழுதிக்கொள்ளவும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டையும், அந்த ஆண்டு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் குறிக்கவும். ஆண்டு கிடைக்காத இடம் வெற்றாகவே இருக்கட்டும். ஊகத்தால் நிரப்பிய ஓர் ஆண்டு ஒருமுறை அச்சேறிவிட்டால், அடுத்த மூன்று மலர்களும் அதையே சொல்லும். பிறகு அதுவே கல்வெட்டாகவும் வெட்டப்பட்டுவிடும்.

அளவெடுத்தல்

நூறு அடி டேப், கட்டம் போட்ட காகிதம், பென்சில், உடன் ஓர் ஆள், இவை போதும். முதலில் வெளிப்புறமாக ஒருமுறை சுற்றி வந்து தரைப்படத்தைக் கையால் வரைந்துகொண்டு, பிறகு அளவுகளை அதில் நிரப்ப வேண்டும். நீளம், அகலம், தூண்களுக்கு இடையிலான தூரம், பீடப்பகுதியின் ஆழம், வாசல் சன்னல்களின் அகலம் ஆகியவற்றோடு மறவாமல் எடுக்க வேண்டியது சுவரின் கனம். சன்னல் திறப்பின் உட்பக்கத்தில் டேப்பை வைத்தால் அது எளிதில் கிடைத்துவிடும். நடுக்கூடத்தின் சுவர் இரண்டரை அடி கனமாகவும், பக்கவாட்டுச் சிறகின் சுவர் ஒன்றேகால் அடி கனமாகவும் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல என்ற ஐயத்துக்கு முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

பழைய சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் மூலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சேர்ந்து எழுந்த சுவர்களில் செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்திருக்கும். பின்னால் ஒட்டிக் கட்டியதில் அந்தப் பிணைப்பு இராது. மேலே பூச்சு இருப்பதால் செங்கல் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் பிணைப்பில்லாத இடத்தில் பூச்சு பெரும்பாலும் மேலிருந்து கீழாக நேர்க்கோடாக வெடித்திருக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடுத்த ஆண்டு அதே கோடு மீண்டும் வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நின்று சுவர் காயத் தொடங்கும் நாட்களில் போய்ப் பார்த்தால், முன்பு வாசலாக இருந்து பின்னர் அடைக்கப்பட்ட இடங்களின் உருவம் ஈரத்திலேயே தெரிவதுண்டு. வெயில் காலத்தில் எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியாது.

சுவர் சாயாமல் வெளியிலிருந்து தாங்கும் முட்டுச்சுவர்கள் இருந்தால் அவை எத்தனை, எந்தப் பக்கத்தில், சம இடைவெளியில் உள்ளனவா என்று குறித்துக்கொள்ளவும். இரு பக்கமும் தூண்வரிசைக்கு நேராக அமைந்திருந்தால் அவை முதல் வரைபடத்திலேயே இருந்தவை எனலாம். ஒரு பக்கம் மட்டும், இடைவெளி தாறுமாறாக இருந்தால், சுவர் சாயத் தொடங்கிய பிறகு அவசரமாக வைத்தவையாக இருக்கக்கூடும். அந்தப் பழுதுபார்ப்புக்கான செலவு எங்காவது கணக்கில் இருக்கிறதா என்று பின்னர் தேடலாம்.

கோபுரத்தின் உயரத்தை மலர்கள் தாராளமாகவே சொல்கின்றன. நேரில் அளந்துவிடுவது கடினமல்ல. கோபுரத்தின் நிழல் அதன் ஒரு பக்கச் சுவருக்கு நேர் எதிரே, சமதளமான தரையில் விழும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளவும். ஆறடிக் கழி ஒன்றைச் செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளந்தால் 4 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் கோபுரத்தின் அடிச்சுவரிலிருந்து நிழலின் நுனி வரை 51 அடி இருக்கிறது. இங்கேதான் பலரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். நிழலின் நுனி கோபுரத்தின் உச்சிக்கு உரியது; உச்சியோ சுவருக்கு நேர் மேலே இல்லை, கோபுரத்தின் நடுவில் இருக்கிறது. எனவே கோபுரத்தின் அகலம் 18 அடி என்றால் அதில் பாதியான 9 அடியையும் சேர்த்து 60 அடி என்று கொள்ள வேண்டும். 60-ஐ 6-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 90 அடி. அந்த 9 அடியை விட்டிருந்தால் விடை 76 அடிக்குச் சற்று மேலே நின்றிருக்கும்.

பாணியை அடையாளம் காணுதல்

'கோதிக் பாணியில் அமைந்த அழகிய ஆலயம்' என்ற வரி ஏறக்குறைய எல்லா மலர்களிலும் உண்டு. அரைவட்ட வளைவு கொண்ட கோயிலுக்கும் அதையே எழுதியிருப்பார்கள். வளைவின் உச்சி கோதிக்குக்கு உரியபடி கூராக இருக்கிறதா, அரைவட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அது எந்தக் காலத்து, எந்த நாட்டு மிஷனரிகளோடு தொடர்புடையது என்று கேட்பது அடுத்த படி.

முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் காலத்து மரபு முந்தியது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இக்கடற்கரைக்கு வந்தார். மணப்பாட்டு மணற்குன்றின்மேல் உள்ள திருச்சிலுவை ஆலயம் 1581-இல் எழுந்தது. இம்மரபில் கனத்த சுவர்களும், அரைவட்ட வளைவுகளும், சுருளாக வளைந்து உயரும் முகப்பும் காணப்படும். முகப்புதான் பெருமை பேசும். அதன் பின்னால் உள்ள கூடம் எளிமையாகவே இருக்கும். ஆனால் கோயில் தொடங்கிய ஆண்டையும் இன்று காணும் முகப்பின் ஆண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கடற்காற்று எந்தப் பூச்சையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. கரையோரக் கோயில்கள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டவை.

உள்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கோயில்களில் கூர்வளைவு பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இங்கிலாந்தில் 1839-இல் கேம்பிரிட்ஜில் அமைந்த கழகம் ஒன்று, இடைக்காலக் கோதிக் வடிவமே தேவாலயத்துக்கு உரியது என்று வலியுறுத்தியது. அந்தக் கருத்து அலையாகப் பரவிய ஆண்டுகளில்தான் இடையன்குடியும் மெய்ஞ்ஞானபுரமும் எழுந்தன. அதற்கு முந்திய கோயில்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில், கிறிஸ்தவரான பிராமணப் பெண் குளோரிந்தா கட்டிய சிற்றாலயம் 1785-ஐச் சேர்ந்தது. கூர்கோபுரங்களின் காலம் அதற்கு வெகு பின்னால் வருகிறது. எனவே 1820 அல்லது 1830-களைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சிற்றூர்க் கோயிலில் முழுமையான கோதிக் சன்னல்களைக் கண்டால், அவை பிற்காலத்தில் மாற்றப்பட்டவையா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்கப் பங்குகளில் நடுவே ஒரு பெரிய இடைவெளி உண்டு. இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டு, 1830-களின் இறுதியில் பிரெஞ்சுக் குருக்கள் வழியாக மதுரை மிஷனுக்குத் திரும்பியது. அதன்பின் எழுந்த கோயில்கள் பலவற்றில் பிரெஞ்சுச் சாயல் தெரியும். சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூரில் பெர்டினாண்ட் செல் அடிகளார் 1894-இல் கட்டி முடித்த திரு இருதய ஆலயம் இதற்குத் தக்க சான்று; அதன் சுவரை நெருங்கிப் பார்த்தால், கல்லில் செதுக்கியதுபோல் தோன்றும் அலங்காரங்கள் அச்சில் வார்த்துச் சுட்ட மண்ணால் ஆனவை என்பது புரியும்.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்த பாணிகளைப் பற்றியது. சுவரை எழுப்பியவர்கள் இங்குள்ள கொத்தனார்களும் தச்சர்களும்தான். தூணின் தலைப்பில் தாமரை இதழ் தெரிகிறதா, கதவின் சட்டத்தில் வீட்டு நிலைக்கதவுக்குச் செய்யும் கொடிவேலைப்பாடு இருக்கிறதா, முன்மண்டபம் தெருத் திண்ணை வீட்டை ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கத்தோலிக்க ஊர்களில் கொடிமரமும், தேர் நிற்கும் கொட்டகையும், ஊர்முனைக் குருசடியும் கட்டடத் தொகுதியின் பகுதிகளே; கோயில் சுவரோடு வரைபடத்தை நிறுத்திவிட்டால், சப்பரம் எந்த வாசல் வழியாக வெளியேறியது, அந்த வாசல் ஏன் அவ்வளவு உயரம் என்பது விளங்காமலே போகும்.

கூரை, ஓடு, சுண்ணாம்பு

கட்டடத்தின் வயதைச் சுவரைவிடக் கூரை தெளிவாகச் சொல்லும். ஆனால் அது பெரும்பாலும் கூரையின் வயதாகவே இருக்கும். பனங்கை, வரிச்சு, நாட்டு ஓடு என்று தொடங்கி, மங்களூர் ஓட்டுக்கோ, தேக்கு உத்திரங்களுக்கு மேல் கட்டைகளும் சிறு செங்கற்களும் சுண்ணாம்பும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மட்டப்பாவுக்கோ மாறி, கடைசியில் கான்கிரீட்டில் வந்து நின்ற கோயில்கள் பல.

மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பழுதுபார்க்கும்போது இறக்கிவைத்த ஓடுகளில் ஒன்றைத் திருப்பி, பாசியைத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஆகவே அத்தகைய ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ஆனால் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓட்டில் 1865 என்றே அச்சாகியிருந்தால், அது அந்தத் தொழிற்சாலை நிறுவப்பட்ட ஆண்டு; அந்த ஓடு சுட்ட ஆண்டு அல்ல. 'கோயில் கூரை 1865-இல் வேயப்பட்டது' என்று எழுதிவிட எல்லா வாய்ப்பும் உள்ள இடம் இது. காமன்வெல்த் என்ற பெயர் இருந்தால், முதல் உலகப் போருக்குப் பின் பாசல் மிஷனின் தொழில்கள் கைமாறிய பிறகு வந்த ஓடு என்று கொள்ளலாம். பழைய ஓட்டையே இறக்கி மீண்டும் வேய்வதும் உண்டு என்பதால், ஓடு தரும் ஆண்டு எப்போதும் 'இதற்கு முன் இல்லை' என்ற அளவில்தான் உதவும்.

இரும்பு உத்திரங்களிலும் இப்படியே தயாரித்தவரின் பெயர் புடைத்து நிற்கும். டார்மன் லாங் என்று படிக்க முடிந்தால், அந்த நிறுவனமே 1875-இல்தான் தொடங்கியது. கனமான பொருள் உள்ளூருக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்: தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல், அதற்கு முன் கப்பலும் மாட்டுவண்டியும்தான்.

சுவரில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்து கிடக்கும். இந்தியாவில் வணிக அளவிலான சிமென்ட் உற்பத்தி போர்பந்தரில் 1914-இல் தொடங்கியது. எனவே சாம்பல் நிறப் பூச்சு சிற்றூர்க் கோயிலில் பெரும்பாலும் அதற்குப் பிந்திய கைவேலை. பதநீரும் கடுக்காயும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் கட்டியது என்று ஒவ்வோர் ஊரிலும் சொல்வார்கள். அத்தகைய கலவைகள் நம் நாட்டில் வழக்கில் இருந்தவையே. ஆயினும் இந்தக் கோயிலில் அவை சேர்ந்தன என்று எழுத, முட்டை வாங்கிய கணக்காவது வேண்டும்.

எழுத்துள்ள இடங்கள்

அடிக்கல், வாசல் நிலை, ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பு, மணி, கல்லறைகள், பெஞ்சுகளின் முதுகு, பித்தளைக் குத்துவிளக்கின் அடித்தட்டு என்று எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அப்படியே படியெடுக்க வேண்டும். பிழை இருந்தால் பிழையோடு. கல்லைச் சுரண்டவோ எண்ணெய் பூசவோ கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால், பகலில் தெரியாத எழுத்தும் தெரியும்.

பழைய தமிழ்க் கல்லில் ஆண்டு ௲௮௱௪௰௭ என்று இருந்தால் அது 1847. கொல்லம் ஆண்டு தரப்பட்டிருந்தால், ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும் சனவரிக்குப் பின் 825-ஐயும் கூட்ட வேண்டும். பிலவங்க என்பதுபோல் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருந்தால், 1847-க்கும் அது பொருந்தும், 1907-க்கும் பொருந்தும். வேறு சான்று கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற எழுத்துகள் உள்ள எந்தக் கல்லும் 1947-க்கு முந்தியதல்ல. முந்திய கல்லில் எஸ்.பி.ஜி. அல்லது சி.எம்.எஸ். என்று இங்கிலாந்து மிஷனரிச் சங்கங்களின் பெயர் இருக்கும்.

மணிக்கூண்டில் ஏறுவதற்குக் கோயில்குட்டியாரின் (கோயில் பணியாளரின்) துணை அவசியம். ஏணி அவர் சொல்கிறபடிதான் கேட்கும். மணியின் தோளில் வார்ப்பகத்தின் பெயரும், பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். ஆண்டு தேய்ந்திருந்தாலும் பெயர் உதவும். லண்டன் ஒயிட்சேப்பல் வார்ப்பகம் 'மியர்ஸ் அண்ட் ஸ்டெயின்பேங்க்' என்ற பெயரில் இயங்கியது 1865 முதல் 1968 வரை. மணி கோபுரத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். கோபுரம் எழும் வரை வேப்பமரத்திலோ மரச் சட்டத்திலோ தொங்கியிருக்கலாம்.

காகிதத்தில் தேடுதல்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகள் கட்டடத்தைப் பற்றி நேராக எதுவும் சொல்வதில்லை. ஆனால் சபை எப்போது பெருகியது என்பதை அவை காட்டும்; சபை பெருகிய சில ஆண்டுகளில் கோயிலும் பெரிதாக்கப்பட்டிருக்கும். 1877, 1878-இல் நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தார்கள். பல ஊர்களின் பதிவேட்டில் அந்தப் பக்கங்கள் மட்டும் தடித்திருக்கும். பதிவேட்டில் தந்தையின் தொழில் குறிக்கப்பட்டிருந்தால், கொத்தனார், ஆசாரி என்ற சொற்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடவும். கட்டிய குருவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கட்டிய கைகளின் பெயர் கிடைக்கக்கூடிய இடம் இதுவும் பழைய கணக்குப் புத்தகமுமே.

வெளியூர் ஆவணங்களில் தேடும்போது பழைய பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மெய்ஞ்ஞானபுரத்தை நெடுவிளை என்றும் தேட வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிந்தது. தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் (சி.எஸ்.ஐ. பேராயர் ஒருவரின் ஆட்சிப்பகுதி) 2003-இல் பிரிந்தது. ஆகவே இன்று வேறு அலுவலகத்துக்கு உட்பட்ட ஊரின் காகிதங்கள் பாளையங்கோட்டையில் கிடக்கக்கூடும். சி.எம்.எஸ். மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி.யின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டிலும் உள்ளன. எல்லோராலும் அங்கே போக முடியாது. எனினும், 'இன்ன ஊர், இன்ன பத்தாண்டு, இன்ன மிஷனரி' என்று குறிப்பாகக் கேட்டு எழுதும் கடிதத்துக்கு விடை வர வாய்ப்பு அதிகம். 'எங்கள் ஊர் வரலாறு வேண்டும்' என்று கேட்டால் வராது. உள்ளூரில், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடும், நிலப் பத்திரங்களும் கோயில் மனை யாரிடமிருந்து வந்தது என்பதைத் தெளிவாக்கும்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்

மலர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் பகுதி இதுவே. என் கருத்தில், தவிர்க்கக் கூடாத பகுதியும் இதுவே.

தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அங்கே 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தின் தரைப்படத்தை வரைந்து பார்ப்பவர் சற்றுத் திகைப்பார். வழக்கமாக ஒரு நடுக்கூடம் இருக்கும் இடத்தில், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்கள் தனித்தனியே விரிந்து, ஒரே பீடத்தில் வந்து சேர்கின்றன. ஒன்றில் வெள்ளாளரும் மற்றதில் நாடாரும் அமர்வதற்கான ஏற்பாடு அது. இரு தரப்பினரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இடையிலிருந்த தடுப்பை 1910-இல் காசானெல் அடிகளார் இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கேட்டவர்கள் அதில் வெல்லவில்லை. சமூக வரலாற்றைப் பல பக்கங்களில் எழுதினாலும் புரியாதவருக்கு, அந்தத் தரைப்படம் ஒன்றே போதும்.

எல்லா ஊர்களிலும் பிரிவினை இவ்வளவு வெளிப்படையாகச் சுவராக நிற்காது. அது கூடத்தின் நடுவே ஒரு கிராதியாகவோ, பக்கச் சிறகில் தனி வாசலாகவோ, தரைமட்டத்தில் ஒரு படி வேறுபாடாகவோ, கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஓடும் இடுப்பளவுச் சுவராகவோ இருந்திருக்கலாம். இன்று காரணம் விளங்காத ஒரு வாசல் கோயிலில் இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வியைக் கைவிடக் கூடாது. ஆண், பெண் இருபாலரும் தனித்தனியே அமரும் வழக்கமும் வாசல்களின் எண்ணிக்கையைப் பாதிக்கும் என்பதால், அவசரப்பட்டு ஒரு முடிவுக்கும் வரக் கூடாது.

இதைப் பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'அந்தக் காலத்தில் சாதிப் பிரிவினை இருந்ததா?' என்று கேட்டால், 'அதெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி' என்பதே விடை. 'தாத்தா, சின்ன வயதில் நீங்கள் எந்த வாசல் வழியாகக் கோயிலுக்குள் வருவீர்கள், யார் பக்கத்தில் உட்காருவீர்கள்?' என்று கேட்டால், அவர் எழுந்து நடந்தே காட்டுவார். கேட்டதை அச்சிடும்போது குடும்பப் பெயர்களை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் எழுதலாம். ஏற்பாட்டையே விட்டுவிடுவது நேர்மையாகாது.

பீடத்தைச் சுற்றியும் இதே கவனம் தேவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது, அதன்பின் குருவானவர் மக்களை நோக்கி நின்று பலியை நிறைவேற்றும் முறை வந்ததால், கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் சுவரோடு ஒட்டியிருந்த பழைய பீடம் அகற்றப்பட்டது அல்லது பின்னணியாக மட்டும் நின்றது, கிராதியும் போனது. பழைய திருமணப் படங்களில் அவை இருக்கும். ஊரில் 1950, 1960-களில் மணமுடித்தவர்களின் வீட்டு ஆல்பங்கள் கோயிலின் உட்புறத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஆவணம். மணமக்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்க வேண்டும்.

ஊர் வழக்கைக் கையாளுதல்

இடையன்குடிச் சன்னல்களுக்குக் கால்டுவெல் தாமே களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்து, உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு செய்வித்தார் என்று சொல்லப்படுகிறது. இத்தகைய செய்தியை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே உண்மையென எழுதவும் வேண்டாம். கட்டடத்திடம் கேட்கலாம்: எல்லாச் சன்னல்களின் அலங்காரமும் ஒரே அளவில் உள்ளனவா, அல்லது கைக்குக் கை வேறுபடுகின்றனவா? ஒரே மாதிரியைப் பின்பற்றியிருந்தால் அளவுகள் நெருங்கி வரும். இப்படிச் சோதித்த பின்னும் முடிவு தெரியாவிட்டால், 'என்பது ஊர் வழக்கு' என்ற மூன்று சொற்களைச் சேர்த்து எழுதினால் போதும். கப்பல் கவிழ்ந்து தப்பித்த மாலுமி நேர்ந்துகொண்டு கட்டிய கோயில், பாம்பு வழிகாட்டிய இடத்தில் நட்ட சிலுவை என்பன போன்ற கதைகளுக்கும் இதே விதி. கதை எப்போதிருந்து அச்சில் வருகிறது என்று பார்ப்பதும் பயன்தரும். 1930-ஆம் ஆண்டு ஏட்டில் இல்லாத அற்புதம் 1980-ஆம் ஆண்டு மலரில் விரிவாக இருந்தால், அதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளலாம்.

எழுதும் வரிசையும் பழுதுபார்ப்பும்

எழுதும்போது குருமாரின் பணிக்காலப்படி அத்தியாயம் பிரிக்காமல், கட்டடத்தின் கட்டங்களின்படி பிரித்தால் வாசிப்பவர் கோயிலுக்குள் நடந்துகொண்டே படிக்கலாம். தரைப்படம் ஒன்றை முழுப்பக்கத்தில் போட்டு, வெவ்வேறு காலத்துப் பகுதிகளை வெவ்வேறு கோடுகளால் நிரப்பிக் காட்ட வேண்டும். வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

விழாவை ஒட்டிப் பழுதுபார்ப்பும் நடக்கும் என்பதால், படமெடுக்கும் வேலையைக் கொத்தனார் சாரம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பூச்சு உதிர்க்கப்படும் நாட்களில் தினமும் ஒருமுறை போய்ப் பார்க்கவும். பழைய வாசல்களும் செங்கல் பிணைப்பும் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சில நாட்களில் மட்டுமே, அவை மீண்டும் மூடப்பட்டுவிடும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசுவதற்கு எவ்வளவு ஆதரவு இருந்தாலும், அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிவைப்பது எழுதுபவரின் கடமை: சிமென்ட் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் உள்ளே உப்பைச் சேர்த்துச் செங்கலைப் பொடியாக்கும். தரையில் பழைய கல்லறைப் பலகைகள் இருந்தால், புது டைல்ஸ் போடுமுன் எழுத்தையும் அது கிடந்த இடத்தையும் தரைப்படத்தில் ஏற்றிவிடவும்.

அளவுக் குறிப்புகள், படியெடுத்த கல்வெட்டுகள், படங்கள் ஆகியவற்றின் ஒரு தொகுப்பைச் சேகர அலுவலகத்திலோ பங்கு இல்லத்திலோ பதிவேடுகளோடு வைத்துவிட்டு, இன்னொன்றைத் திருமண்டல அல்லது மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பவும். படங்களின் பின்புறத்தில் நாளும் திசையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'கோயில் – பக்கத் தோற்றம்' என்று மட்டும் எழுதினால், எந்தப் பக்கம் என்று அடுத்த மலரை எழுதுபவர் மீண்டும் தேடத் தொடங்க வேண்டியிருக்கும்.